ஊட்டியில தண்ணி கொதிக்குது, பருப்பு மட்டும் வேகல: மலை ஊர் சமையல்ல தவிர்க்க வேண்டிய தப்புகள்

கீழ இருந்து ஊட்டிக்கு மாத்தலாகி வந்தவங்க முதல் வாரத்துலயே கேக்குற கேள்வி இது. தண்ணி தளதளன்னு கொதிக்குது, கொண்டைக்கடலை மட்டும் கல்லு மாதிரியே கெடக்குது, ஏன்?

பக்கத்து வீட்ல கேட்டா "இங்க குளிருங்க, அதான்"னு சொல்லிடுவாங்க. மொத தப்பு அதை நம்புறதுதான். குளிருனால தண்ணி கொதி வர கொஞ்சம் லேட்டாகும், அவ்ளோதான். உண்மையான காரணம் காத்தழுத்தம். தண்ணி ஆவியாகி குமிழியா கிளம்பணும்னா மேல இருந்து அமுக்குற காத்தை எதிர்த்துதான் கிளம்பணும், மலை மேல போகப் போக அந்த அமுக்கம் குறையுது, அதனால கம்மி சூட்டுலயே கொதிச்சிடுது. தோராயமா 300 மீட்டர் ஏறினா 1 டிகிரி குறையும்னு வச்சுக்கலாம். சென்னையில 100 டிகிரி, சுமார் 2,240 மீட்டர்ல இருக்குற ஊட்டியில 93க்கும் கொஞ்சம் கீழ, 3,500 மீட்டர்ல இருக்குற லடாக்கோட லே ஊர்ல 88 பக்கம்.

அடுத்தது எல்லாரும் பண்றது, வேகலையேன்னு அடுப்பை முழுசா ஏத்தி விடுறது. தயவு செஞ்சு பண்ணாதீங்க. திறந்த பாத்திரத்துல கொதி வந்த தண்ணி அதுக்கு மேல சூடே ஆகாது, நீங்க கூட்டுற தீ பூராவும் தண்ணியை ஆவியாக்கத்தான் போகுது, கேஸ் தீரும், அடி புடிக்கும், கடலை அப்படியேதான் இருக்கும். உப்பு போட்டா சூடு ஏறும்னு ஒரு பேச்சு இருக்கு, ஏறும்தான், ஆனா 1 லிட்டருக்கு 1 டிகிரி ஏத்தவே கிட்டத்தட்ட 58 கிராம் உப்பு வேணும், அதை யாரு வாயில வைக்கிறது?

அப்போ குக்கர் இருந்தா கவலை இல்லைன்னு நினைக்கிறோம்ல, அங்கயும் ஒரு விஷயம் இருக்கு. வெயிட் போட்ட குக்கர் வெளிய இருக்குற அழுத்தத்துக்கு மேல இவ்ளோன்னுதான் கூட்டும், வெளியவே அழுத்தம் கம்மின்னா உள்ளயும் கம்மிதான். சென்னையில உள்ள 120 டிகிரி வர்ற அதே குக்கர்ல ஊட்டியில 116 பக்கம்தான் வரும். அதனால கீழ பழகின விசில் கணக்கை இங்க பிடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு, வழக்கமா வைக்கிற நேரத்தை விட கால் பங்கு கூட வைங்க. கடலையை முதல் நாள் ராத்திரியே ஊற வைங்க, அதுவும் வெதுவெதுப்பான தண்ணியில, ஏன்னா ஐஸ் மாதிரி இருக்குற தண்ணியில அது சரியா ஊறாது. ஆனா ஒண்ணு, அழுத்தம் கூடட்டும்னு வெயிட் மேல வேற எதையாவது பாரமா வைக்கிறது, வெயிட்டை கையால அமுக்கிப் பிடிக்கிறது, இதெல்லாம் உயிருக்கே ஆபத்து. ஒரு தடவை ஒரு வீட்ல வெயிட் மேல இடிகல்லை வச்சிருந்ததைப் பாத்து எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, உடனே அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

இனிப்பு செய்யறவங்க தெர்மாமீட்டர் வச்சு பாகு காய்ச்சுறதா இருந்தா, ரெசிபில இருக்குற டிகிரில இருந்து ஒரு 7 டிகிரி கழிச்சுக்கோங்க, இல்லன்னா பாகு முறுகிடும். நம்ம அம்மாக்கள் தண்ணியில ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாக்குற பதம் இருக்கே, அது கடற்கரையிலயும் சரியா வரும், மலை மேலயும் சரியா வரும், எனக்கு அதுதான் நம்பிக்கை.

கடைசியா குடிதண்ணி. 93 டிகிரில கொதிச்சா கிருமி சாகாதுன்னு பயப்பட வேணாம், நோய்க் கிருமிகளுக்கு அந்த சூடே தாராளம். ஆனா கொதி வந்த உடனே இறக்கிடாதீங்க. சமவெளியில 1 நிமிஷம் கொதிச்சா போதும், 2,000 மீட்டருக்கு மேல இருக்குற ஊர்கள்ல 3 நிமிஷம் நல்லா கொதிக்க விட்டு இறக்குங்க, முக்கியமா வீட்ல சின்னப் பிள்ளைங்க இருந்தா.