மூச்சுத் தசை தளரும்போது நாம் செய்யும் தவறுகள்

சுவாசப் பிரிவில் புதிதாகப் பணிக்கு வருபவர்களைப் பார்க்கும்போது, 20 ஆண்டுகளுக்கு முந்தைய என்னையே பார்ப்பது போலிருக்கிறது. முகமூடியைத் தளர்வாக மாட்டுவது, ஈரப்பதக் குப்பியில் தண்ணீர் ஊற்ற மறப்பது போன்றவற்றை முதல் வாரத்திலேயே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆக்சிஜனை மட்டும் கொடுத்துவிட்டு நகர்வது

டச்சேன் தசைச்சிதைவு உள்ள 17 வயதுப் பையனை, சளி பிடித்த மூன்றாம் நாள் இரவில் அழைத்து வந்தார்கள். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 89 காட்டியது. நான் நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன் வைத்தேன். அளவு 98க்கு ஏறியதும், நிலைமை சீராக இருப்பதாகக் குறிப்பேட்டில் எழுதினேன். "காலையில எழுந்ததுலேருந்து தலைவலின்னான் சார், இப்போ கூப்பிட்டா கண்ணே திறக்க மாட்டேங்கறான்" என்று அவன் அம்மா சொன்னபோது, களைப்பில் தூங்குகிறான் என்று பதில் சொல்லி அனுப்பினேன். விடியற்காலை 4 மணிக்கு எடுத்த தமனி இரத்தப் பரிசோதனையில், 40ஐ ஒட்டி இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு 96 இருந்தது. முகமூடி வழியாக அழுத்தத்துடன் காற்றைத் தந்து மூச்சுக்குத் துணை செய்யும் பைபாப் கருவி அவனைக் காப்பாற்றியது. என் குறிப்பேடு காப்பாற்றவில்லை.

அவனுடைய நுரையீரலில் பெரிய கோளாறு இல்லை. காற்றை இழுத்து வெளியேற்றும் தசைகளுக்குத்தான் வலு இல்லை. ஆக்சிமீட்டர் ஆக்சிஜனை மட்டுமே அளக்கும், கரியமிலவாயு சேர்வதைச் சொல்லாது. அறைக் காற்றைச் சுவாசிக்கும்போது அளவு 89க்கு இறங்கியதே மூச்சு போதவில்லை என்பதற்கான எச்சரிக்கை மணி. ஆக்சிஜனைத் திறந்துவிட்ட நான் அந்த மணியின் கம்பியை அறுத்துவிட்டேன். முதலில் பைபாப் மூலம் மூச்சுக்குத் துணை தர வேண்டும், அதனுடன் சளியை வெளியேற்ற வேண்டும்; அதன் பிறகும் தேவைப்பட்டால், இரத்தப் பரிசோதனையைப் பார்த்தபடி, அதே குழாயில் ஆக்சிஜனைச் சேர்க்கலாம். இருமலின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே இருப்பவரால் சளிக் காலத்தில் தானாக இருமிச் சமாளிக்க முடியாது. கையால் அழுத்தியோ இருமல் கருவியாலோ உதவியாக வேண்டும்.

1952இல் கோபன்ஹேகனின் பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்த போலியோ நோயாளிகள் மடிந்துகொண்டிருந்தபோது, இரத்தத்தில் பைகார்பனேட் என்ற காரப்பொருள் மிகுந்திருந்ததைக் காரணம் தெரியாத காரமிகை (இரத்தத்தில் காரத்தன்மை கூடுவது) என்றுதான் மருத்துவர்கள் எண்ணினார்கள். அது வெளியேறாமல் தேங்கிய கரியமிலவாயுவின் விளைவு என்று மயக்கமருந்து மருத்துவர் பியோர்ன் இப்சன் காட்டினார். அதன்பின் தொண்டையில் துளையிட்டு, மாணவர்கள் முறைவைத்துக் கையால் பை அழுத்திப் பலரைப் பிழைக்க வைத்தார்கள். 70 ஆண்டுகளுக்கு மேலாகியும், 98ஐப் பார்த்து நிம்மதியடையும் முகத்தை இரவுப் பணியில் காணும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆஸ்துமாவில் 40 என்ற எண்ணைப் பார்த்து மகிழ்வது

கடுமையான ஆஸ்துமாத் தாக்குதலில் நோயாளி வேகமாக மூச்சு விடுவதால் கார்பன் டை ஆக்சைடு 35க்குக் கீழேதான் இருக்க வேண்டும். மூச்சுத் திணறல் குறையாமலே அது 40க்கு வந்திருந்தால், தசை சோர்ந்துவிட்டது என்று பொருள். விசில் சத்தம் நின்றுவிட்டதை முன்னேற்றம் என்று எண்ணுவதும் இதே வகைதான். காற்றே நகராத மார்பில் சத்தம் எங்கிருந்து வரும்?

மயஸ்தீனியா இருக்கிறதா என்று கேட்காமல் மக்னீசியம் ஏற்றுவது

கடுமையான ஆஸ்துமாவுக்கு மக்னீசியம் ஏற்றுவதுண்டு. ஆனால் மயஸ்தீனியா என்பது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் வரும் கோளாறு; அங்கே மக்னீசியம் பலவீனத்தைக் கூட்டும். ஊசி போடும் முன் கேளுங்கள்.

கில்லன்-பாரே நோயாளிக்கு ஆக்சிமீட்டர் இறங்கக் காத்திருப்பது

கில்லன்-பாரே என்பது நரம்புகள் பாதிக்கப்பட்டுத் தசைகள் வேகமாக வலுவிழக்கும் நோய். காத்திருக்காதீர்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லுங்கள். நேற்று 30 வரை எண்ணியவர் இன்று 14இல் நின்றால், உடனே மூச்சுக் கொள்ளளவை, அதாவது முழுதாக இழுத்து வெளிவிடக்கூடிய காற்றின் அளவை, அளக்க வேண்டும். எடையில் கிலோவுக்கு 20 மில்லிலிட்டருக்குக் கீழே போனால் அவருடைய இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு.

தசை பலவீனமானவருக்குப் பவுடர் இன்ஹேலர் எழுதுவது

ஆஸ்துமாவும் தசைநோயும் சேர்ந்திருப்பவரால் பவுடரை இழுக்கும் அளவுக்கு வேகமாக உறிஞ்ச முடியாமல் போகலாம். ஸ்பேசருடன் (மருந்தைத் தேக்கி மெதுவாக இழுக்க உதவும் குடுவை) கூடிய ஸ்பிரேதான் அவருக்கு ஏற்றது. சந்தேகமிருந்தால், அவர் இழுத்து முடித்த கேப்சூலைக் கையில் வாங்கித் தட்டிப் பாருங்கள். மருந்து எங்கே போகவில்லை என்பது உள்ளங்கையில் தெரியும்.