“ஒரு சைஸ் பெருசா குடுங்க”: ஸ்கூபா உடையில் செய்யும் தவறுகள்

2018-இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாறிய பின்னும் எங்கள் வாயில் ஹேவ்லாக்காகவே இருக்கும் அந்தமான் தீவில், சென்ற பருவத்தில் படகு புறப்படுவதற்குச் சற்று முன், ஸ்கூபாவுக்கு, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் மூழ்க, புதிதாக வந்த இளைஞர் ஒருவர் உடலோடு ஒட்டும் ரப்பர் உடையான வெட்சூட்டை வாடகைக்கு எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, ரொம்ப இறுக்குது, ஒரு சைஸ் பெருசா குடுங்க” என்றார். என் முதல் ஆண்டில் நான் சொன்னதும் ஏறத்தாழ இதையேதான். ஜீன்ஸ் அணியக் கூடாது, மோதிரத்தைக் கழற்றி வைக்க வேண்டும் என்பவற்றைப் படகிலேயே சொல்லிவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

தளர்ந்த வெட்சூட்

வெட்சூட் நீரை உள்ளே விடாமல் தடுக்கும் என்பது தவறான எண்ணம். அது மெல்லிய நீர்ப்படலம் ஒன்றை உள்ளே விட்டு, அதை வெளியேறாமல் பிடித்து வைக்கிறது. உடல் அந்த நீரைச் சூடாக்க, சூட்டின் ரப்பரான நியோப்ரீனுக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக்குமிழிகள் அந்தச் சூட்டைக் காக்கின்றன. சூட் தளர்ந்திருந்தால், நாம் குனிந்து நிமிரும்போதெல்லாம் சூடான நீர் கழுத்து வழியே போய்ப் புது நீர் முதுகில் இறங்கும்.

கடல் 28 டிகிரியில்தானே இருக்கிறது என்று நானும் வாதிட்டவன்தான். உடலோ 37 டிகிரி. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாகச் சூட்டைக் கடத்தும். போதாக்குறைக்கு, 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்காகி நியோப்ரீனே நசுங்கி மெலிந்துவிடும். பாதிச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கிய தொளதொளத்த 3 மில்லிமீட்டர் தடிமன் சூட்டுடன் 18 மீட்டரில் இருந்தபோது எனக்கு நடுக்கம் எடுத்தது. நடுங்கும் உடல் மூச்சை வேகமாக இழுக்கும். மற்றவர்களின் சிலிண்டரில் 110 பார் அழுத்தத்துக்குக் காற்று இருக்கையில் என்னுடையது 60-க்கு வந்துவிட்டதால், நீருக்குள் எனக்கு ஜோடியாக வந்தவரும் பாதியிலேயே மேலேற வேண்டியதாயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றாலும், படகில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மேலேறும் நேரத்தில் உடல் குளிர்ந்திருந்தால் தோலுக்கும் தசைக்கும் செல்லும் இரத்தம் குறைந்து, திசுக்களில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேறுவதும் தாமதப்படும், அது ஆபத்து என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை.

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது அதற்கடுத்து நான் செய்த காரியம். அளவுதான் பிழை என்று புரியாமல், தடிமன் போதவில்லை என முடிவுகட்டி, 5 மில்லிமீட்டர் சூட் ஒன்றை, அதையும் தளர்வாகவே, வாங்கினேன். தடித்த நியோப்ரீன் அதிகம் மிதக்கும் என்பதால் இடுப்பில் இரண்டு கிலோ ஈயம் கூட்ட வேண்டியிருந்தது. ஆழத்தில் சூட் நசுங்கியதும் அந்த ஈயம் என்னைக் கீழே இழுத்தது. குளிர் மட்டும் அப்படியே இருந்தது.

கரையில் மாட்டும்போது சற்றுத் திணறத்தான் வேண்டும். முதுகின் வளைவு, அக்குள், தொடையிடுக்கு ஆகிய மூன்று இடங்களிலும் வெற்றிடம் இருக்கக் கூடாது. ஆனால் மூச்சை முழுதாக இழுக்கவும், கழுத்து நெரியாமல் கையை உயர்த்தவும் முடிய வேண்டும். கால் நுழைய மறுத்தால் பாதத்தில் ஒரு பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு நுழையுங்கள், வழுக்கிக்கொண்டு போகும். பையைத் திரும்ப எடுத்து வைத்துவிடுங்கள்.

உள்ளே பனியன்

வேண்டாம். ஈரப் பருத்தி மடிந்து அக்குளைப் புண்ணாக்கும்.

காதடைப்பான்

ஒருபோதும் கூடாது. அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் இடையே சிக்கிய காற்றின் அழுத்தத்தைச் சமன்செய்ய வழியே இல்லை.

கையுறை

கையுறை அணிந்தவர் பவளத்தைப் பிடித்துக்கொள்கிறார். அதனால் நான் அணிவதில்லை.

மீசையும் தேங்காய் எண்ணெயும்

மாஸ்க்கின் சிலிகோன் விளிம்பு தோலோடு ஒட்டினால்தான் நீர் கசியாது. அடர்ந்த மீசையும், விளிம்புக்கு அடியில் சிக்கும் ஒற்றை முடியும் அந்த ஒட்டுதலைக் கெடுக்கும். எண்ணெய் தேய்த்த தலையில் மாஸ்க்கின் பட்டை நழுவும். முந்தைய நாளே தலைக்குக் குளித்துவிட்டு, மூக்கின் அடியில் ஒரு நூல் அகலத்துக்கு மீசையை மழித்துக்கொண்டால் போதுமானது. முழுவதும் எடுக்கத் தேவையில்லை.