முழங்கால் சிராய்ப்புக்கு மருந்து போடுவது எப்படி? நுரையை நம்பி ஏமாந்தவன் எழுதுவது

சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டேன். ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டிய சிராய்ப்பு, மூன்று வாரம் இழுத்தது. குற்றம் கிருமியுடையதல்ல, என்னுடையது. மேலோட்டமான சிராய்ப்புக்கும் சிறு வெட்டுக்கும் மட்டுமே இந்தக் குறிப்பு. ஆழமான வெட்டு, கடிபட்ட காயம், நிற்காத ரத்தம் என்றால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

படி 1: கையைக் கழுவிவிட்டு, சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள்.

படி 2: குடிக்கத் தகுந்த தண்ணீரை ஐந்து நிமிடமாவது காயத்தின்மேல் ஓடவிடுங்கள். மண்ணும் கல்லும் ஒட்டியிருந்தால் சுத்தம் செய்த சாமணத்தால் எடுங்கள். தொற்றைத் தடுப்பதில் பெரும்பங்கு இந்தப் படிக்குத்தான்.

படி 3: கிருமிநாசினி. நான் சறுக்கியது இங்கேதான். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினேன். வெள்ளை வெள்ளையாகப் பொங்கியது. கிருமிகள் கூட்டமாகச் சாகின்றன என்று பூரித்துப்போனேன். நுரை அடங்கும்வரை விடுவதில்லை என்று காலையும் மாலையும் ஊற்றினேன். அது எப்படி அடங்கும்? நம் ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதிதான் பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. கிருமி ஒன்றுகூட இல்லாத காயமும் பொங்கும். இரவில் ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்புத் தோல் படர்ந்திருக்கும். காலையில் ஊற்றியதும் அது வெளுத்து ஊறிய காகிதம்போல உரிந்துவரும். பத்து நாள் கழித்துத்தான் உறைத்தது. கிருமியைக் கொல்லும் திரவத்துக்கு, காயத்தை மூட வரும் செல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. முதல் உலகப் போர்க் காயங்களை ஆராய்ந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கும், அன்றைய கிருமிநாசினிகள் ஆழமான காயங்களின் இடுக்குகளில் உள்ள கிருமிகளை எட்டாமல் வெள்ளையணுக்களை அழிப்பதைக் கண்டார்.

இப்போது என் பெட்டியில் பெராக்சைடு இல்லை. நன்கு கழுவிய சிறு சிராய்ப்புக்குப் பெரும்பாலும் எதுவுமே போடுவதில்லை. அழுக்கான இடத்தில் விழுந்திருந்தால் மட்டும் 10 சதவீத பொவிடோன் அயோடின், ஒரே ஒரு முறை. ரத்தமும் சீழும் அயோடினின் வீரியத்தைக் குறைத்துவிடும் என்பதால் கழுவிய பிறகே தடவ வேண்டும். ஓரிரு நிமிடம் தானாக உலரவிட வேண்டும். தைராய்டு கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். ஸ்பிரிட், காயம்படாத தோலுக்கு உரியது. குளோர்ஹெக்சிடின் என்ற இன்னொரு கிருமிநாசினி கண்ணுக்குள்ளும் காதுக்குள்ளும் போகக் கூடாது.

படி 4: சுற்றிலும் ஈரத்தை ஒற்றியெடுத்து, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லப் பூசி, ஒட்டாத கட்டுத் துணியால் மூடுங்கள். காற்றாடவிட்டால் சீக்கிரம் ஆறும் என்று நானும் நம்பியவன்தான். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளில் செய்த சோதனையில், மூடி ஈரமாக வைத்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் படர்ந்தது. கட்டைத் தினமும் மாற்றுங்கள். ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் தண்ணீரில் நனைத்து எடுங்கள்.

பின்சேர்க்கை 1: அயோடினின் பழுப்பு நிறத்தில் தோல் சிவப்பது தெரியவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயம்தான். கறையைத் துடைத்துவிட்டு, சிவப்பின் எல்லையைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, வலி கூடினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு போட்டபின் காயத்தைச் சுற்றி அரிப்பும் சிறு கொப்புளமும் வந்ததாம் இன்னொருவருக்கு. தொற்று என்று எண்ணி இன்னும் அதிகமாகப் பூசியிருக்கிறார். அது அந்த மருந்துக்கே சிலருக்கு வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். களிம்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டச் சொன்னேன்.

பின்சேர்க்கை 3: டெட்டனஸ் ஊசியைப் படி 1இலேயே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். மண்பட்ட காயம், கடைசி ஊசி போட்டு ஐந்து ஆண்டு கடந்துவிட்டது என்றால் தாமதிக்காமல் மருத்துவரைக் கேளுங்கள்.