நியூ ஜெர்சியில் பழைய வீடா? தோட்டத்து மண்ணுக்குள் எண்ணெய் டேங்க் இருக்கலாம்

2013-ல் தண்டையார்பேட்டையில் போர் தண்ணீரில் எண்ணெய் வாடை அடித்தது அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மறந்திருக்காது. பூமிக்கடியில் போன குழாய் கசிந்ததுதான் காரணம். ராயபுரம், கொருக்குப்பேட்டையிலிருந்து நியூ ஜெர்சி போய் பழைய வீடு வாங்குபவர்களுக்கு அதே தலைவலி சின்ன அளவில் தோட்டத்திலேயே காத்திருக்கலாம். கேஸ் இணைப்பு வருமுன், குளிருக்கு டீசல் மாதிரியான எண்ணெய் எரித்த வீடுகள் அங்கே ஏராளம். 550 கேலன் இரும்பு டேங்க் என்றால் நம்மூர் மொட்டைமாடி 2000 லிட்டர் சின்டெக்ஸ் அளவு. அது அப்படியே மண்ணுக்குள் கிடக்கும்.

சுவரோரம் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குழாய்கள், கீழ்த்தளச் சுவரில் நறுக்கி நசுக்கிய செம்புக் குழாய், இவை அடையாளம். ஒன்றுமே தெரியாவிட்டாலும் வாங்குமுன் உலோகம் காட்டும் கருவியால் தோட்டத்தைத் தேடச் சொல்லுங்கள்.

டேங்க் இருந்தால், பத்திரம் முடிவதற்கு முன்பே, விற்பவர் செலவில் எடுக்கட்டும். ‘விலையில் கழித்துக்கொள்ளுங்கள், அப்புறம் நீங்களே எடுத்துக்கலாம்’ என்றால் தலையாட்டாதீர்கள். டேங்க் எடுக்கும் கூலி முன்கூட்டியே தெரியும். கசிந்த மண்ணை அள்ளும் செலவு குழி தோண்டும்வரை யாருக்கும் தெரியாது. வீடு உங்கள் பேருக்கு வந்தபின் அது உங்கள் தலையில்தான்.

கான்ட்ராக்டரிடம் மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் சான்றிதழ் கேளுங்கள். இன்சூரன்ஸ் இருக்கிறது என்றால் போதாது. மாசுக்கான இன்சூரன்ஸ் தனி, சாதாரண பாலிசி பெரும்பாலும் எண்ணெய்க் கசிவுக்குப் பணம் தராது. மண் கெட்டிருந்தால் டன்னுக்கு எவ்வளவு என்பது கொட்டேஷனில் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்ட கொட்டேஷன்தான் எப்போதும் மலிவாக வரும்!

வேலைக்கு முன் டவுன் ஆபீஸ் பெர்மிட். தோண்டுவதற்கு 3 வேலை நாள் முன்னதாக 811 என்ற போன் நம்பருக்குச் சொன்னால் கேஸ், கரண்ட் லைன் போகும் இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு மண்ணை அகற்றி, மீதி எண்ணெயை உறிஞ்சி, டேங்க்கை வெட்டித் திறந்து, அடியில் படிந்த சகதியைச் சுரண்டித் துடைத்த பிறகே தூக்க வேண்டும். தூக்கியதும் டேங்க்கின் அடிப்பக்கத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே சேரும் தண்ணீர் எண்ணெய்க்குக் கீழே தங்கும், அதனால் துரு அடியில்தான் தின்னும். குண்டூசி அளவு ஓட்டையே போதும். டவுன் ஆபீஸ் இன்ஸ்பெக்டர் பார்க்காமல் குழியை மூட விடாதீர்கள். மண் கறுத்து டீசல் வாடை அடித்தால் சுற்றுச்சூழல் துறைக்கு உடனே தகவல் போக வேண்டும். சோதனைக்கு மண் எடுப்பவரும் அள்ளிக் காசு பார்ப்பவரும் ஒரே ஆளாக இல்லாமல் இருப்பது நல்லது.

பெர்மிட் முடித்த சான்று, சகதி அகற்றிய ரசீது, டேங்க்கைக் காயலான் கடையில் போட்ட ரசீது, லேப் ரிப்போர்ட், குழியின் போட்டோ எல்லாம் பத்திரத்தோடு இருக்கட்டும். நாளைக்கு விற்கும்போது முதலில் கேட்பது இதைத்தான்.

டேங்க் மண்ணில் இல்லாமல் கீழ்த்தளத்தில் இருந்தால் வேலை சுலபம், ஒரு விஷயம் தவிர: வெளிச்சுவரில் எண்ணெய் ஊற்றும் குழாயையும் பிடுங்கிவிட வேண்டும். எண்ணெய் லாரிக்காரர் வீட்டுக்குள் வந்து பார்க்க மாட்டார். மெட்ரோ வாட்டர் லாரி சம்ப்பில் ஹோஸ் விடுகிற மாதிரி, குழாயில் மாட்டித் திறந்துவிடுவார். விலாசம் மாறி வந்தால், டேங்க் இல்லாத கீழ்த்தளம் முழுக்க எண்ணெய்தான்.