கை மரத்துப்போகிறதா? கையை விட்டுவிட்டு சீட்டைப் பாருங்கள்

மாமல்லபுரம் வரை சைக்கிள் மிதித்துவிட்டு ஈசிஆர் வழியாகத் திரும்பி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. போக வர 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கால் வலி இல்லை, மூச்சும் வாங்கவில்லை. ஆனால் வீட்டு வாசலில் நின்று பூட்டில் சாவியைப் போட்டால் திருப்ப முடியவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து சாவி நழுவுகிறது. சுண்டுவிரல் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டுத்தான் கதவைத் திறந்தேன். அந்த வாரம் முழுக்க சட்டைப் பட்டன் போடுவதே பெரும்பாடு.

அடுத்த இரண்டு மாதம் நான் செலவு செய்ததெல்லாம் கைக்குத்தான். தடியான ஜெல் கிளவுஸ் ஒன்று. அது போதாதென்று அதைவிடத் தடியாக இன்னொன்று. பஞ்சு கிரிப். அதற்கு அடியில் பழைய ட்யூபை வெட்டி ஒரு சுற்று. எதுவும் பலிக்கவில்லை. கோளாறு இருந்தது சீட்டில். அதனால் இந்தப் பதிவில் கிளவுஸ் கடைசியில்தான் வரும்; நேராக அங்கே தாவாதீர்கள்.

முதலில், எந்த விரல்?

சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மரத்தால் அது அல்னார் நரம்பு. முழங்கையை எங்காவது இடித்துக்கொண்டால் சுரீரென்று ஷாக் அடிக்குமே, அதே நரம்புதான். அது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கமாக, கியோன் கால்வாய் என்ற குறுகிய பாதை வழியாக உள்ளங்கைக்குள் போகிறது. ஹேண்டில்பார் அழுத்துவதும் சரியாக அந்த இடத்தில்தான். கட்டைவிரலை ஆள்காட்டி விரலோடு சேர்த்து இறுக்கும் தசைக்கும் இந்த நரம்புதான் என்பதால்தான் எனக்குச் சாவி நழுவியது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் அது மீடியன் நரம்பு. மணிக்கட்டு நடுவில் கார்பல் டனல் வழியாகப் போவது. இதற்கு அழுத்தத்தோடு, மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கி ஓட்டுவதும் முக்கியக் காரணம். அப்படியென்றால் கீழே பிரேக் லீவர் பகுதியை இன்னும் கவனமாகப் படியுங்கள்.

தேவையானவை

4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீ (தலையில் அறுகோணக் குழி உள்ள போல்ட்டைத் திருகும் சாவி). மடக்குக் கத்தி மாதிரி வரும் மல்டி டூல் வழியில் ஆத்திர அவசரத்துக்குச் சரி. வீட்டில் வேலை செய்ய நீளமான எல் வடிவக் கீ வாங்குங்கள். போல்ட்டின் தலை தேயாது, கையும் நோகாது. காற்றழுத்த மானி வைத்த பம்ப் ஒன்று. அப்புறம் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், ஹார்டுவேர் கடையில் சின்னதாகவே கிடைக்கும். "போனிலேயே ஆப் இருக்கே" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆரம்பிப்பதற்கு முன், சீட் தண்டவாளத்திலும் (சீட்டுக்கு அடியில் ஓடும் இரட்டைக் கம்பி) சீட் போஸ்டிலும் (சீட்டைத் தாங்கும் குழாய்) இப்போது இருக்கிற இடத்தை இன்சுலேஷன் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டோவும் எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் மட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருகினால் எது கேட்டது, எது கேட்கவில்லை என்று தெரியவே தெரியாது.

படி 1: சீட்டின் சாய்வு

சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருந்தால் நீங்கள் உட்காரவில்லை, சறுக்குமரத்தில் இருக்கிறீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் உடம்பு முன்னால் வழுக்கும். அதைத் தடுத்து நிறுத்துவது உள்ளங்கை. நூறு கிலோமீட்டர் முழுக்க உங்களையே பின்னால் தள்ளிக்கொண்டு வருகிறீர்கள். கை மரக்காமல் என்ன செய்யும்?

என் சீட்டின் மூக்கைக் கீழே இறக்கியது நானேதான். தொடையிடுக்கில் வலிக்கிறது என்று ஒரு நண்பர் சொன்ன யோசனை. அந்த வலி குறைந்தது உண்மை. ஒரு மாதம் கழித்து இந்த வலி வந்தபோது இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

செய்ய வேண்டியது: நேரான ஒரு பலகையையோ தடித்த அட்டை போட்ட புத்தகத்தையோ சீட்டின் வால் முதல் மூக்குவரை படியும்படி வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வையுங்கள். குமிழ் நடுவில் நிற்க வேண்டும். வால் பக்கம் அலைபோல் தூக்கியிருக்கும் சீட் என்றால் முன்பாதியை மட்டும் அளந்தால் போதும்.

இங்கேதான் நான் மூன்று வாரம் ஏமாந்தேன். போர்ட்டிகோவில் சைக்கிளை நிறுத்தி அளந்தேன். குமிழ் கச்சிதமாக நடுவில். ஆனால் ரோட்டில் வழுக்கல் நிற்கவில்லை. ஒருநாள் போர்ட்டிகோவைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தபோது தண்ணீர் கேட்டை நோக்கி ஓடுவதைப் பார்த்தபிறகுதான் மண்டையில் உறைத்தது. மழைத்தண்ணீர் வெளியே போவதற்காகக் கொத்தனார் கொடுத்த வாட்டம் அது. நான் நிறுத்தியபோது சைக்கிளின் மூக்கு வீட்டுப் பக்கம், அதாவது மேட்டுப் பக்கம். அங்கே மட்டமாகத் தெரிந்த சீட், சமதளத்துக்கு வந்தால் மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளும்.

இரண்டு வழி இருக்கிறது. தரையையே முதலில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஹாலில் பெரும்பாலும் மட்டமாக இருக்கும் (வீட்டில் திட்டு விழுந்தால் பழைய செய்தித்தாள் விரித்துக்கொள்ளுங்கள்). அது முடியாதென்றால் ஒருமுறை அளந்துவிட்டு, சக்கரங்கள் நின்ற அதே இரண்டு இடங்களிலேயே சைக்கிளை அப்படியே தலைமாற்றி நிறுத்தி இன்னொருமுறை அளவெடுங்கள். இரண்டு அளவுக்கும் நடுவில் இருப்பதுதான் உண்மையான சாய்வு.

திருகும் விதம்: சீட்டுக்கு அடியில் ஒரே போல்ட் என்றால் அநேகமாக 6 மில்லிமீட்டர் கீ. உள்ளே பல் பல்லாக இருக்கும். நன்றாகத் தளர்த்தாமல் சீட்டைப் பிடித்து முறுக்கினால் அந்தப் பல் தேய்ந்துபோகும், அப்புறம் என்ன இறுக்கினாலும் நிற்காது. முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு போல்ட் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி. ஒன்றைக் கால் சுற்றுத் தளர்த்தி மற்றதைக் கால் சுற்று இறுக்கினால் மயிரிழை அளவுக்குச் சரிசெய்யலாம். எதுவானாலும் முழுதாக இறுக்கியபிறகு மறுபடி அளந்து பாருங்கள், இறுக்கும்போதே சாய்வு மாறும்.

மட்டமாக வைத்தால் தொடையிடுக்கில் மறுபடி வலிக்கிறதா? மூக்கை ஒரு டிகிரி, மிஞ்சிப்போனால் இரண்டு டிகிரி இறக்கலாம். அதற்குமேல் தேவைப்பட்டால் குற்றம் சீட்டின்மேல். அகலமோ வடிவமோ உங்களுக்குப் பொருந்தவில்லை. நடுவில் பள்ளம் வெட்டிய சீட்டுக்கு மாறினேன், தீர்ந்தது.

படி 2: சீட் முன்னா பின்னா

சீட் உயரம் ஏற்கெனவே சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். கை மரக்கிறவர்கள் எல்லாரும் முதலில் செய்வது, "ஹேண்டில்பார் எட்டவில்லை" என்று சீட்டை முன்னால் தள்ளுவது. இது நேர்மாறான வேலை. நாற்காலியில் உட்கார்ந்தபடி, பாதத்தைப் பின்னால் இழுக்காமல் முன்னால் நீட்டி வைத்து எழுந்திருக்கப் பாருங்கள், முடியாது. இடுப்பு பாதத்துக்கு மேலே வந்தால்தான் உடம்பு முன்னால் சாய்ந்து எழும். சைக்கிளிலும் இடுப்பு முன்னால் வர வர மேலுடம்பு முன்னால் விழும், விழுவதைக் கை தாங்கும். சீட் கொஞ்சம் பின்னால் போனால் இடுப்பே தாங்கிக்கொள்ளும்.

5 மில்லிமீட்டர் பின்னால் தள்ளி, இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். பின்னால் தள்ளும்போது பெடல் இன்னும் தூரமாகிவிடும், அதனால் சீட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறக்கவும் வேண்டியிருக்கும். எங்கே நிறுத்துவது? ஆள் நடமாட்டமில்லாத சமமான ரோட்டில், சீராக மிதித்துக்கொண்டிருக்கும்போது கையின் பாரத்தை மெல்ல எடுத்து, விரல் கிரிப்பை ஒட்டியபடி இருக்கட்டும். அப்படியே முன்னால் கவிழ்ந்தால் இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளலாம். ஓரிரு நொடி தாக்குப்பிடித்தால் போதும்.

படி 3: ஹேண்டில்பார் உயரம்

சீட் சரியான பிறகும் பாரம் இருந்தால் மட்டும் இதைத் தொடுங்கள். ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைச் சைக்கிளின் முன் தண்டோடு இணைக்கும் துண்டு) மேலே வளையங்கள் அடுக்கியிருந்தால் அவற்றைக் கீழே மாற்றினால் ஹேண்டில்பார் உயரும். மேலே வளையம் இல்லையா? சில ஸ்டெம்களைக் கழற்றித் தலைகீழாகப் போட்டாலே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறும்.

மறுபடி மாட்டும் வரிசை முக்கியம். முதலில் மேல்மூடி போல்ட்டை, முன்பக்க ஆட்டம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். பிறகு ஸ்டெம்மைச் சக்கரத்துக்கு நேராக்கி, பக்கவாட்டு போல்ட்டுகள். வரிசையை மாற்றினால் மேல்மூடி எதையும் இறுக்காது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்றால் மறுபடி முதலிலிருந்து. கையில் நம்பிக்கை இல்லையென்றால் இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

படி 4: பிரேக் லீவரும் மணிக்கட்டும்

இது ஐந்து நிமிட வேலை. சைக்கிளில் உட்கார்ந்து, கையை நீட்டி, லீவர்மேல் விரலை வையுங்கள். முழங்கையிலிருந்து விரல் கணுவரை ஒரே கோடாக இருக்க வேண்டும். லீவர் ரொம்ப மேலே தூக்கியிருந்தால் மணிக்கட்டு மடங்கும். 5 அல்லது 4 மில்லிமீட்டர் கீயால் தளர்த்தி, கீழ்நோக்கிச் சுழற்றி இறுக்குங்கள். கியர் லீவரையும் கூடவே நகர்த்த வேண்டிவரும்.

படி 5: கிரிப், கடைசியாக கிளவுஸ்

உருண்டை கிரிப்பைவிட, வெளிப்பக்கம் இறக்கைபோல அகன்ற கிரிப் எனக்குப் பிடித்தது. எர்கான் கம்பெனியின் கிரிப் மாதிரி; மலிவான நகல்களும் பரவாயில்லை, ஆனால் போல்ட்டால் இறுக்கும் வகையாக வாங்குங்கள். பாரம் அந்த ஒரு புள்ளியில் இறங்காமல் உள்ளங்கை முழுக்கப் பரவும். இறக்கையின் கோணம் தப்பினால் பலனே இல்லை, மணிக்கட்டு நேராக இருக்கும்போது உள்ளங்கையைத் தொட வேண்டும். சாதாரண ரப்பர் கிரிப்பை மாட்ட சானிடைசர் தடவுங்கள், உலர்ந்ததும் பிடித்துக்கொள்ளும். தேங்காய் எண்ணெய் போட்டால் மோட்டார் சைக்கிள் ஆக்சிலேட்டர் மாதிரி ஆயுசுக்கும் சுற்றும். அனுபவம்.

கிளவுஸில் தடிமன் ஏமாற்று வேலை. தடித்த ஜெல் நடுக்குழியிலேயே உட்கார்ந்து நரம்பை இன்னும் அழுத்தலாம். கிரிப் பருமனாவதால் இறுக்கிப் பிடிக்கவும் வைக்கும். மெல்லிய பஞ்சு, வியர்வை உறிஞ்சும் துணி, மணிக்கட்டில் இறுக்காத பட்டை. அவ்வளவு போதும்.

படி 6: காற்று

டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவுவரை அடிப்பது நம் ஊர்ப் பழக்கம். கல் மாதிரி இருந்தால்தான் திருப்தி. ஆனால் ரோட்டின் ஒவ்வொரு ஒட்டும் நேராக மணிக்கட்டில் இறங்கும். என் எடை 78 கிலோ, டயர் அகலம் 35 மில்லிமீட்டர். முன்னால் 50, பின்னால் 60 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். குறைந்தபட்ச அளவு அச்சிட்டிருந்தால் அதற்குக் கீழே போகாதீர்கள், பள்ளத்தில் ட்யூப் நசுங்கி பஞ்சராகும்.

ஓட்டும்போது

முழங்கையை லேசாக மடக்கி வையுங்கள். நிற்கிற பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோலப் பிடித்தால் போதும், ஓடுகிற பஸ்ஸில் பிடிப்பதுபோல வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கையை எடுத்து உதறுங்கள். இன்னொன்று, திரும்பி வரும்போதுதான் அதிகம் மரக்கும். களைத்துப்போய் மெதுவாக மிதிக்கும்போது கால் தாங்க வேண்டிய பாரமும் கைக்கு வந்துவிடும். கோவளத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், தப்பில்லை.

பின்சேர்க்கை 1: ரசமட்டம் வாங்காமல் போனையே வைத்து அளந்த இரண்டு பேர் "சீட் இன்னும் மோசமாகிவிட்டது" என்று எழுதினார்கள். போனின் முதுகில் கேமரா துருத்திக்கொண்டிருக்கும், படுக்க வைத்தால் போனே சாய்ந்துதான் கிடக்கும். உறையைக் கழற்றி, பட்டன் இல்லாத விளிம்பில் நிறுத்தி அளங்கள்.

பின்சேர்க்கை 2: அப்பாவின் பழைய ஹெர்குலிஸில் கை மரத்ததே இல்லையே, ஏன் என்று ஒரு கேள்வி. அதில் நிமிர்ந்து உட்கார்கிறோம், பாரம் முழுக்கச் சீட்டுக்குப் போகிறது, ஸ்பிரிங் வேறு. எதிர்க்காற்றில் 100 கிலோமீட்டர் மிதித்தால் அதன் விலை தெரியும். அந்த வகை சைக்கிளில் சீட் சாய்வைச் சரிசெய்ய ஆலன் கீ ஆகாது. சீட்டுக்கடியில் இரண்டு பக்கமும் நட் இருக்கும், 13 அல்லது 14 ஸ்பானர் வேண்டும்.

பின்சேர்க்கை 3: சர்க்கரை உள்ள ஒருவர், சைக்கிள் ஓட்டாத நாளிலும் விரல் மரக்கிறது என்கிறார். அதற்கு என்னிடம் ஆலன் கீ இல்லை, டாக்டரைப் பாருங்கள். மற்றவர்களும் ஒரு சோதனை செய்துகொள்ளலாம். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் பிடியுங்கள், இன்னொருவர் இழுக்கட்டும். தாளை விடாமல் பிடிக்க உங்கள் கட்டைவிரல் நுனி மடங்குகிறது, மறு கையில் அப்படி இல்லை என்றால் தசையே பலவீனமாகியிருக்கிறது. அப்போதும், மரப்பு சில நாளில் தணியாவிட்டாலும், சைக்கிளை நிறுத்திவிட்டு நரம்பு மருத்துவரிடம் போங்கள். எனக்கு முழு உணர்வும் திரும்ப ஏழு வாரம் ஆனது. அதுவரை பூட்டுக்குப் பதில் எதிர்வீட்டு அழைப்பு மணிதான்.