விண்வெளித் துறைக்கு மாற நினைக்கும் பொறியாளருக்கு: தேடுவது, செய்து காட்டுவது, பேரம் பேசுவது

"சின்ன வயதிலிருந்தே ராக்கெட் என்றால் உயிர்" என்று தொடங்கும் விண்ணப்பங்கள் இந்தத் துறையில் குவிந்து கிடக்கின்றன. ஆள் எடுப்பவருக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. அவருடைய சிக்கல் வேறு: வால்வு சோதனைக்கு ஆள் வேண்டும், பேட்டரிப் பலகையின் ஃபர்ம்வேரை எழுதியவர் போய்விட்டார், டாங்க் வெல்டிங்கை எக்ஸ்ரே பார்த்துச் சொல்ல ஆளில்லை. இதில் ஒன்றை உங்களால் செய்ய முடியும் என்பதற்கு அடையாளம் காட்டினால் அழைப்பு வரும். ஆகவே "விண்வெளி வேலை" என்று தேடாதீர்கள். ஒரு துணை அமைப்பை (மின்சக்தி, உந்துவிசை, ரேடியோ போல ஒரு பகுதியை) பிடித்துக்கொண்டு தேடுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும்.

இரண்டிலிருந்து எட்டு ஆண்டு வரை கார், மின்னணு, ஐ.டி., இயந்திரப் பட்டறை என்று வேறு துறையில் வேலை பார்த்துவிட்டு, இந்தியாவிலேயே மாற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

இஸ்ரோவா, தனியாரா? வயதைப் பாருங்கள்

இஸ்ரோவில் பட்டதாரிப் பொறியாளர் நுழையும் வாசல் விஞ்ஞானி/பொறியாளர் 'எஸ்.சி.' பதவி. வழக்கமாகப் பி.இ. அல்லது பி.டெக். படிப்பில் 65 விழுக்காடு, அல்லது 10க்கு 6.84 கேட்பார்கள். வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 28. ஒதுக்கீட்டு இடங்களில் ஓ.பி.சி. பிரிவுக்கு 31, பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 33. தொடக்க அடிப்படை ஊதியம் 56,100 ரூபாய், படிகள் தனி. சில அறிவிப்புகள் எழுத்துத் தேர்வு வைக்கும், சில கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணை வைத்து நேர்காணலுக்கு அழைக்கும். இரண்டும் உண்டு என்பதால் கேட் எழுதி வைத்திருப்பது நல்லது.

27 வயதில் இருக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு ஒரே ஒரு அறிவிப்புதான் மிச்சம் இருக்கலாம். வேலையை விட்டுவிட்டு அதற்காகவே உட்காராதீர்கள். தனியார் தேடலையும் சேர்த்தே நடத்துங்கள்.

டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு நிலைமை இன்னும் நல்லது, ஆனால் இதைப் பலர் கவனிப்பதில்லை. டெக்னிக்கல் அசிஸ்டென்ட் (அடிப்படை 44,900), டெக்னீஷியன்-பி (அடிப்படை 21,700) பதவிகளுக்கு வயது வரம்பு பொதுவாக 35. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோ உந்துவிசை வளாகம் ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பணிகளுக்குத் தனியாகவே அறிவிப்பு விடும். அப்ரன்டிஸ் பயிற்சி மட்டும் வேறு கணக்கு. அது ஓராண்டோடு முடிந்துவிடும், வேலைக்கு உத்தரவாதம் கிடையாது.

இஸ்ரோ வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் மோசடிக்காரர். அறிவிப்பு இஸ்ரோ தளத்திலும் அதன் மையங்களின் தளங்களிலும் வரும். வேறு வழி எதுவும் இல்லை.

உங்கள் தொழில் எந்தத் துணை அமைப்பில் பொருந்தும்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் வாகனத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள் தங்களிடம் இருப்பதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மின்வாகன பேட்டரி மேலாண்மைப் பலகை செய்தவருக்குச் செயற்கைக்கோளின் மின்சக்தி அமைப்பு அண்டை வீடு மாதிரி. செல் சமன்படுத்தல், சார்ஜ் கணக்கு, கேன் பஸ் எல்லாம் இங்கேயும் உண்டு. புதிதாகக் கற்க வேண்டியது சூரியத் தகடும் கதிர்வீச்சுப் பாதிப்பும். வாகனத் துறையின் பாக ஒப்புதல் கோப்பான பி.பி.ஏ.பி. தயாரித்துப் பழகியவருக்கு ஏ.எஸ். 9102 முதல் பொருள் ஆய்வு அறிக்கை ஒரு வாரத்தில் கைவந்துவிடும். பழுது முறைகளை ஆராயும் எஃப்.எம்.இ.ஏ. இங்கேயும் அதே பெயரில்தான் இருக்கிறது. டெலிகாம் ஆர்.எஃப். பொறியாளருக்குத் தரை நிலையம், எஸ்-பேண்ட் எக்ஸ்-பேண்ட் ரேடியோ. ஐந்து அச்சு சி.என்.சி. புரோகிராமருக்கு என்ஜின் பாகங்கள். அழிவில்லாச் சோதனை (எக்ஸ்ரே, அல்ட்ராசானிக் போல பாகத்தைக் கெடுக்காமல் சோதிப்பது) இரண்டாம் நிலைச் சான்றிதழ் வைத்திருப்பவருக்கு டாங்க், மோட்டார் உறை. பலகை தயாரிப்பில் ஐ.பி.சி. 610 தரநிலையின் மூன்றாம் வகுப்பு தெரிந்தவர் எங்கே போனாலும் வேலை இருக்கும்.

ஐ.டி.யில் வெப் வேலை பார்ப்பவர் நேராக விமான மென்பொருளுக்குத் தாவுவது கடினம். தரை நிலையத் திட்டமிடல், டெலிமெட்ரி தரவுத்தளம், படச் செயலாக்கம் இவற்றின் வழியாக உள்ளே வந்து பிறகு நகரலாம்.

பட்டியலை ஏவுதல்களிலிருந்து எடுங்கள்

வேலைத் தளங்களில் வரும் விளம்பரம் கடைசிக் கட்டம். அதற்கு முன்பே யாருக்கு வேலை வந்திருக்கிறது என்று பார்க்க வழி இருக்கிறது. 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி60 ராக்கெட்டின் நான்காம் கட்டம் போயம்-4 என்ற பெயரில் 24 கருவிகளைச் சுமந்தது. அதில் 10 இஸ்ரோவுக்கு வெளியே இருந்து வந்தவை. அந்த 10 கருவிகளின் பட்டியல்தான் உங்கள் முதல் நிறுவனப் பட்டியல்: வன்பொருளை உண்மையில் செய்து, சோதித்து, மேலே அனுப்பியவர்கள். ஒவ்வொரு போயம் பயணத்தின் பட்டியலையும் எடுத்து ஒரு ஷீட்டில் போடுங்கள். அதோடு தனியாருக்கு அனுமதி வழங்கும் இன்-ஸ்பேஸ் அமைப்பின் அறிவிப்புகளைச் சேருங்கள். 2025 ஆகஸ்டில் 12 செயற்கைக்கோள்கள் கொண்ட புவிநோக்குத் தொகுதிக்குப் பிக்சல் தலைமையிலான கூட்டணி தேர்வானது. இப்படி ஒரு ஒப்பந்தம் கையெழுத்தாகிற நேரம்தான் எழுதிக் கேட்க வேண்டிய நேரம்.

சென்னையில் இருப்பவர்கள் அக்னிகுல் காஸ்மோஸைத் தெரிந்துவைத்திருப்பார்கள். முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாகச் செய்த அரை-கிரையோஜெனிக் என்ஜினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்ட நிறுவனம் அது. ஹைதராபாத்தில் ஸ்கைரூட், துருவா ஸ்பேஸ். பெங்களூரில் பிக்சல், உந்துகருவி செய்யும் பெல்லாட்ரிக்ஸ், சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த கேலக்ஸ்ஐ. இவற்றுக்கு எல்லோரும் எழுதுகிறார்கள். யாரும் எழுதாத இடங்கள் பழைய சப்ளையர்கள்: சிறுசேரியில் டேட்டா பேட்டர்ன்ஸ், கோயம்புத்தூரில் எல் அண்ட் டி, ஹைதராபாத்தில் எம்.டி.ஏ.ஆர்., அனந்த் டெக்னாலஜீஸ், மும்பை விக்ரோலியில் கோத்ரெஜ். பளபளப்பு குறைவு, ஆனால் பறந்த வன்பொருளைத் தொட்டுப் பழக இவற்றை விட நல்ல இடம் இல்லை. இரண்டு ஆண்டு அங்கே இருந்துவிட்டு ஸ்டார்ட்அப் போனால் உங்கள் மதிப்பே வேறு.

குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். இலங்கையைச் சுற்றிக்கொண்டு போகாமல் நேராகத் தெற்கே ஏவலாம் என்பதால் சிறு ராக்கெட்டுகளுக்கு அது ஏற்ற இடம். சிவில், மின்சாரம், திரவ எரிபொருள் குழாய்ப் பணி தெரிந்தவர்கள் அந்தப் பக்கமும் ஒரு கண் வைத்திருங்கள்.

ரெஸ்யூமே: ஒரு வரியைத் திருத்துவது எப்படி

பெரும்பாலான ரெஸ்யூமேயில் இப்படி ஒரு வரி இருக்கும்: "பேட்டரி பேக் சோதனைப் பணியில் ஈடுபட்டேன்." இதில் என்ன பேட்டரி, என்ன சோதனை, என்ன கண்டீர்கள் எதுவுமே இல்லை. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "48 வோல்ட் பேக், மைனஸ் 20 முதல் 60 டிகிரி வரை 100 வெப்பச் சுழற்சி. 70ஆவது சுழற்சியில் இணைப்பியின் மின்தடை கூடியது. கிரிம்ப் உயரம் தவறென்று குறுக்குவெட்டில் கண்டு கருவியை மாற்றினேன். மறுசோதனையில் 100 சுழற்சியும் தேறியது." எண், பழுது, காரணம், திருத்தம், மறுசோதனை. இந்த ஐந்தும் இருக்கும் மூன்று வரிகள் போதும். செயற்கைக்கோள் கூட்டத்தில் நாள் முழுக்கப் பேசுவது இதே மொழிதான்.

எண்கள் உங்களுடையவையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அதைத்தான் தோண்டுவார்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தற்போதைய நிறுவனத்தின் வரைபடத்தையோ சோதனை அறிக்கையையோ எடுத்து வந்து காட்டாதீர்கள். பழைய இடத்தின் ரகசியத்தைக் காட்டுகிறவர் நாளை எங்களுடையதையும் காட்டுவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

சொந்தமாகச் செய்த ஒன்று

ராக்கெட்டை முழுசாக கேட் (CAD) மென்பொருளில் வரைந்து அனுப்புவதால் பயனில்லை. கணக்குப் போட்டு, அளந்து, இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று சொல்லும் சிறு வேலை ஒன்று போதும்.

இயந்திரப் பொறியாளருக்கு: 3 மி.மீ. தடிப்புள்ள அலுமினியப் பட்டை ஒன்றை 200 மி.மீ. வெளியே நீட்டி, மறுமுனையை வைஸில் இறுக்குங்கள். கணக்குப்படி முதல் இயல்பு அதிர்வெண் சுமார் 61 ஹெர்ட்ஸ் (அகலம் கணக்கில் வராது). நுனியில் ஏ.டி.எக்ஸ்.எல்.345 முடுக்கமானியை ஒட்டி, விரலால் சுண்டி, நொடிக்கு 800 மாதிரியாவது பதிவுசெய்து எஃப்.எஃப்.டி. (அதிர்வெண் பகுப்பு) எடுங்கள். 61 வராது, குறைவாகத்தான் வரும். உணரியின் எடை நுனியில் உட்கார்ந்திருக்கிறது, வைஸின் பிடியும் கணக்கில் எடுத்துக்கொண்ட அளவு விறைப்பானதில்லை. பட்டையை 20 மி.மீ. உள்ளே தள்ளி மறுபடி அளந்து பாருங்கள். எடையால் எவ்வளவு, பிடியால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் அதிர்வுச் சோதனை மேசைக்குப் பக்கத்தில் நிற்கத் தகுதியானவர் என்று அர்த்தம்.

ஆர்.எஃப்., மென்பொருள் பக்கத்தவருக்கு: வானிலைச் செயற்கைக்கோள் அனுப்பும் படத்தைப் பிடியுங்கள். கணினியில் செருகும் ஆர்.டி.எல்.-எஸ்.டி.ஆர். ரேடியோ ரிசீவர் ஒன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஆன்டெனாவுக்கு, அலுமினியக் கம்பியில் ஒவ்வொன்றும் 53.4 செ.மீ. நீளமுள்ள இரண்டு கைகளை 120 டிகிரி விரித்து, தரைக்கு இணையாக, வாய் வடக்கு அல்லது தெற்கு பார்க்க மொட்டைமாடியில் வையுங்கள். பழைய வழிகாட்டிகள் அமெரிக்காவின் நோவா 15, 18, 19 செயற்கைக்கோள்களைப் பிடிக்கச் சொல்லும். அவை மூன்றையும் 2025இல் நிறுத்திவிட்டார்கள். மாதக்கணக்கில் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ரஷ்யாவின் மீட்டியார்-எம் வரிசையை 137.9 மெகாஹெர்ட்ஸில் பிடியுங்கள். படம் வந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். சுமார் 820 கி.மீ. உயரத்தில் இருக்கும் அது தலைக்கு நேர் மேலே வரும்போது பாதை இழப்பு 133.5 டெசிபெல். அடிவானத்திலிருந்து 10 டிகிரியில் தூரம் 2,400 கி.மீ. தாண்டுவதால் இழப்பு 143 அளவுக்கு வரும். அதாவது 9 டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம். நீங்கள் அளந்த சமிக்ஞை-இரைச்சல் விகிதம் அந்த வளைவைப் பின்பற்றுகிறதா? எங்கே விலகுகிறது? பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மறைக்கிறதா, ஆன்டெனாவின் வீச்சு அந்தத் திசையில் குறைவா? இந்த வரைபடம் ஒன்று நான்கு ஆன்லைன் சான்றிதழுக்கு மேல்.

நேர்காணலில் கேட்பவை

அடிப்படைதான் கேட்பார்கள், ஆனால் ஆழமாக. வெற்றிடத்தில் காற்றே இல்லை, இந்த ரெகுலேட்டரின் சூடு எப்படி வெளியேறும்? மின்விசிறி பழக்கத்தில் வந்தவர்கள் இங்கே திணறுவார்கள். கடத்தலும் கதிர்வீசலும் மட்டும்தான் வழி, ஆகவே பலகையின் செம்பு அடுக்கும் திருகு இடும் இடமும்தான் விடை. தூய வெள்ளீயப் பூச்சு ஏன் கூடாது? அதிலிருந்து மயிரிழை போல் உலோகம் முளைத்துப் பக்கத்து முனையைத் தொட்டுவிடும். இந்தப் பசையைப் பயன்படுத்தலாமா? வெற்றிடத்தில் மொத்த எடை இழப்பு 1 விழுக்காட்டுக்குள்ளும், குளிர்ந்த பரப்பில் படியும் ஆவி 0.1 விழுக்காட்டுக்குள்ளும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீறினால் கேமரா லென்ஸில்தான் போய்ப் படியும். சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் கதிர்வீச்சால் லாட்ச்-அப் ஆனால் (உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு மின்னோட்டம் எகிறினால்)? மின்னோட்டம் எல்லை தாண்டியதும் மின்சாரத்தைத் துண்டித்து மறுபடி கொடுக்கும் சுற்று வேண்டும், மென்பொருள் நின்றால் மீட்டமைக்கும் வாட்ச்டாக் டைமர் மட்டும் போதாது.

உந்துவிசைப் பக்கம் போகிறவர் ராக்கெட் சமன்பாட்டைக் காகிதத்தில் போட்டே காட்ட வேண்டியிருக்கும். தன்னுந்தம் (Isp) 300 நொடி, நிறை விகிதம் 4 என்றால் வேகமாற்றம் நொடிக்குச் சுமார் 4.1 கி.மீ. கால்குலேட்டர் இல்லாமல் இதைச் சொல்லப் பழகுங்கள்.

"உங்கள் கையால் கெட்டுப்போனது எது?" என்று கட்டாயம் கேட்பார்கள். ஒன்றும் இல்லை என்பது மோசமான பதில். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பேன் என்று அடுத்த வரியைச் சொல்லுங்கள். இந்தத் துறையில் சந்தேகத்தை மறைப்பவரை வைத்துக்கொண்டு யாரும் ஏவ மாட்டார்கள்.

வெளிநாடு

அமெரிக்க ராக்கெட் நிறுவனங்களுக்கு இந்தியக் குடிமகனாக விண்ணப்பிப்பது பெரும்பாலும் வீண். ஐ.டி.ஏ.ஆர். எனும் ஆயுத ஏற்றுமதி விதிகளால் அமெரிக்கக் குடிமக்கள், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதி அல்லது அடைக்கல நிலை பெற்றவர்களைத்தான் பொதுவாக எடுக்கிறார்கள். எச்-1பி விசா போதாது. ஐரோப்பிய விண்வெளி முகமை உறுப்பு நாட்டுக் குடியுரிமை கேட்கும். பிரான்ஸ், ஜெர்மனி, நார்வே, சுவிட்சர்லாந்து, பிரிட்டன் உறுப்பினர்கள். கனடா ஒத்துழைப்பு நாடு என்பதால் அதன் குடிமக்களும் தகுதி பெறுவார்கள். அந்த நாடுகளின் குடியுரிமை பெற்ற ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இந்த வாசல் திறந்தே இருக்கிறது, தெரிந்தவர்கள் சொல்லிவையுங்கள்.

ஆஃபர் வந்த பிறகு

ஸ்டார்ட்அப் சம்பளத்தில் ஒரு பகுதியை இ.எஸ்.ஓ.பி. (பின்னாளில் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை) பங்குகளாகக் காட்டுவார்கள். "10,000 பங்கு" என்பது தனியாக ஒன்றும் சொல்லாத எண். மொத்தப் பங்கு எத்தனை, வாங்கும் விலை என்ன, வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். சட்டப்படி முதல் ஓராண்டு எதுவும் உங்கள் கைக்கு வராது. வாங்கும் நாளில், அன்றைய மதிப்புக்கும் நீங்கள் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளமாகக் கருதப்பட்டு வரி விழும், பங்கை விற்றுப் பணமாக்காவிட்டாலும். ஆகவே வீட்டு வாடகையும் இ.எம்.ஐ.யும் ரொக்கச் சம்பளத்திலேயே ஓடுமா என்று கணக்குப் போடுங்கள். பங்கைப் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கையிருப்புப் பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று கேட்க வெட்கப்படாதீர்கள். நேர்மையான நிறுவனர் பதில் சொல்வார். 12 மாதத்துக்குக் கீழே என்றால், அடுத்த முதலீடு எந்தச் சோதனையை நம்பி இருக்கிறது என்றும் கேளுங்கள். ஏவுதல் தள்ளிப்போவது இந்தத் துறையில் வழக்கம், பணமும் அதோடு தள்ளிப்போகும்.

90 நாள் நோட்டீஸ் உள்ளவர்கள் முதல் பேச்சிலேயே அதைச் சொல்லிவிடுங்கள். புது இடம் 30 நாளில் வரச் சொல்லும். மீதி நாளுக்கான பணத்தை அவர்கள் கட்டுவார்களா என்பதை ஆஃபர் கடிதத்திலேயே எழுதி வாங்க வேண்டும், வாய்வார்த்தை நிற்காது. கையெழுத்திட்ட கடிதம் மின்னஞ்சலில் வந்து சேர்ந்த பிறகே ராஜினாமாவை அனுப்புங்கள்.