கழுத்து பழகிய திசை: வெளியூர்ச் சாலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது நகரத்தில் இறங்கியதும் பாஸ்போர்ட் இருக்கிறதா, பணம் இருக்கிறதா என்று பத்துத் தடவை பையைத் தடவிப் பார்க்கிறோம். சாலையைக் கடக்கும்போது மட்டும் யோசிப்பதே இல்லை. அது கழுத்துக்குப் பழகிப்போன வேலை. இடப்பக்கம் வண்டி ஓடும் ஊரில் வளர்ந்தவருக்குக் கழுத்து தானாக வலப்பக்கம் திரும்பும். ஆனால் பாரிஸிலும் நியூயார்க்கிலும் முதல் வண்டி வருவது இடப்பக்கத்திலிருந்து.

பாரிஸில் முதல் நாள் காலை, வலப்பக்கம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டு நான் சாலையில் இறங்கினேன். பின்னால் நின்ற ஒரு பெண்மணி என் தோள்பையைப் பிடித்து இழுத்தார். அடுத்த நொடி ஒரு பேருந்து முகத்துக்கு முன்னால் போனது. லண்டனில் பல இடங்களில் சாலை ஓரத்திலேயே 'வலப்பக்கம் பார்' என்று பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். இதே தவறை எதிர்த்திசையில் செய்கிறவர்களுக்கான எச்சரிக்கை அது. ஒருவழிப்பாதைதானே என்று ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதும் ஆபத்து. பாரிஸ், பிரஸ்ஸல்ஸ் நகரங்களில் பல ஒருவழித் தெருக்களில் சைக்கிள்கள் எதிர்த்திசையில் வர அனுமதி உண்டு.

வியட்நாமின் ஹனோயில் தவறு வேறு மாதிரி. மோட்டார் சைக்கிள் வெள்ளம் வடியட்டும் என்று காத்திருந்தால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். பொறுமை இழந்து ஓடுவதும், பாதி வழியில் பயந்து பின்வாங்குவதும்தான் விபத்தில் முடியும். உங்கள் அடுத்த அடி எங்கே விழும் என்று கணித்துத்தான் ஓட்டுகிறவர்கள் வண்டியை வளைக்கிறார்கள். மெதுவாக, ஒரே சீராக நடந்தால் வெள்ளம் உங்களைச் சுற்றிப் போய்விடும். ஆனால் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: இந்தக் கணக்கு இரு சக்கர வண்டிகளுக்கு மட்டும்தான். பேருந்தும் காரும் அப்படி வளைந்து போக முடியாது. அவை வந்தால் நின்று வழிவிடுங்கள்.

ஆம்ஸ்டர்டாமில் செந்நிறப் பாதையில் நின்று போட்டோ எடுக்காதீர்கள். அது நடைபாதை அல்ல, சைக்கிள் பாதை. வேலைக்கு விரைகிறவர்கள் சத்தமில்லாமல் வருவார்கள்.

அடுத்தது பயணச்சீட்டு. பெர்லினில் நிலையங்களில் தடுப்புக் கதவே கிடையாது. சீட்டு வாங்கினோம், ஏறினோம் என்று இருந்துவிடுவோம். ஆனால் நேர முத்திரை இல்லாத காகிதச் சீட்டை, ரயிலேறும் முன் நடைமேடையிலுள்ள சின்னப் பெட்டியில் செருகி முத்திரை பெற்றால்தான் செல்லும். இல்லாவிட்டால் 60 யூரோ அபராதம். பரிசோதகரிடம் 'வெளியூர், தெரியாது' என்று சொல்லிப் பயனில்லை. பாரிஸ் மெட்ரோவில் காகிதச் சீட்டு புழங்கிய நாட்களில், உள்ளே வந்ததும் அதைத் தூக்கிப் போட்டவர்கள் வெளியேறும் இடத்தில் மாட்டிக்கொண்டார்கள்.

லண்டனில் சுரங்க ரயிலுக்கு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் வங்கிக் கார்டை வாயில் இயந்திரத்தில் தொட வேண்டும். பேருந்தில் ஏறும்போது மட்டும். 2014 முதல் பேருந்தில் ரொக்கம் வாங்குவதில்லை. பலர் இழப்பது வேறொரு இடத்தில்: காலையில் கார்டு, மாலையில் அதே கார்டு ஏற்றிய போன். வங்கிக்கணக்கு ஒன்றுதான் என்றாலும் இயந்திரத்துக்கு இருவர். ஒரு நாளில் இவ்வளவுக்கு மேல் பிடிக்கமாட்டோம் என்ற வரம்பின் பலன் கிடைக்காது. நுழையும்போது ஒன்றும் வெளியேறும்போது மற்றொன்றும் தொட்டால் இன்னும் மோசம், இரண்டிலும் உச்சக் கட்டணம் பிடிக்கப்படும்.

சிங்கப்பூர் ரயிலில் சாப்பிட்டாலோ குடித்தாலோ 500 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம்.

டோக்கியோ தூங்காத நகரம் என்று நம்பி இரவு வெளியே சுற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரயில்கள் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், காலை ஐந்து மணிவாக்கில்தான் மறுபடி ஓடும். கடைசி ரயில் நேரத்தைக் கிளம்பும் முன்பே பார்த்து வையுங்கள். ஷின்ஜுகு நிலையத்தில் 200-க்கு மேல் வாயில்கள். வெளியே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏதோ ஒரு வாயிலில் வெளியேறினால், போக வேண்டிய இடம் நிலையத்தின் மறுபுறம் கிடக்கும். வாயிலின் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்தின் பெயரில் ஊர் இருப்பதால் அது ஊருக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாரிஸ் பெயரைத் தாங்கிய போவே விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதி எங்கும் செல்லும் என்று நினைக்க வேண்டாம். சீனா அதை ஏற்பதில்லை. அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்து வலப்பக்கம் திரும்பலாம். நியூயார்க் நகரத்தில், அனுமதிக்கும் பலகை இல்லாவிட்டால், கூடாது. இத்தாலியின் பழைய நகர்ப்பகுதிகளில் வெளிவண்டிகள் நுழையக் கட்டுப்பாடு உண்டு. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம், அதுதான் அடையாளம். போன் காட்டும் வழியை நம்பி உள்ளே போனால் கேமரா எண்ணைப் பிடித்துவிடும். மாதங்கள் கழித்து அபராதக் கடிதம் வீடு தேடி வரும். தங்கும் விடுதி அந்த எல்லைக்குள் இருந்தால், வண்டி எண்ணை அனுமதிப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று உள்ளே நுழையும் முன்பே விடுதிக்காரரைக் கேட்டுவிடுங்கள்.